வெள்ளைப் பஞ்சும் வழவழப்பும்

போன ஐப்பசியில், ஒரே வாரத்துக்குள், நல்ல காளானைக் குப்பையில் கொட்டினேன். கெட்ட காளானை வறுத்துச் சாப்பிட்டேன். இருபது வருஷமாகச் சமைக்கிற கை இது. கத்தரிக்காயைத் தொட்டே பிஞ்சா முற்றலா என்று சொல்லிவிடுவேன். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். காளான் விஷயத்தில் மட்டும் நான் சுத்த மண்ணாந்தை என்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், தொண்டாமுத்தூர் போகிற வழியில், ஒரு அக்கா கீற்றுக்கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறார். அவரிடம் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், காம்படியிலும் குடையின் நடுக்குழியிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. பழைய ரொட்டியில் பிடிக்குமே, அதே மாதிரி. பூசணம் பிடித்துவிட்டது என்று, முகர்ந்துகூடப் பார்க்காமல், நானூறு கிராமையும் குப்பைக் கூடையில் தட்டினேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் கடையில் வாங்கிய பட்டன் காளான் ஒரு பாக்கெட் கிடந்தது. மேலே இறுக்கமான பிளாஸ்டிக் தாள். லேபிளில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. காளான் நல்ல வெள்ளை. தாளின் உள்பக்கம் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. கையில் எடுத்தால் கொஞ்சம் வழுக்கியது. ஈரம்தானே என்று உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு தடவை அலசி, மிளகு தூக்கலாக வறுத்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னமோ கவுச்சி அடிக்குது” என்று ஒதுக்கினார். அவருக்குக் காளான் என்றாலே ஆகாது, சாக்குச் சொல்கிறார் என்று அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். ராத்திரி ஒரு மணியிலிருந்து விடியும்வரை எனக்கும் பாத்ரூமுக்கும்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை உடம்பு கொஞ்சம் தேறியதும் நேராகக் காளான் அக்காவிடம் போனேன், சண்டை போட.

“ஏனுங்க்கா, நீங்க குடுத்தது ரெண்டே நாள்ல பூசணம் புடிச்சிருச்சுங்க.”

“எங்க புடிச்சுது? வெள்ளையா, பச்சையா?”

“வெள்ளைங்க்கா. காம்புல, பஞ்சாட்ட.”

“அட அம்மிணி! அது பூசணமில்ல, அதுதான் காளானே. மறுக்கா மொளைக்கப் பாத்துருக்குது. அதப் போயிக் கொட்டிட்டியா?”

கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். உள்ளே நனைந்த சாக்கும் வைக்கோலும் சேர்ந்த ஒரு குளிர்ச்சி. உறியில் தொங்கவிட்ட தலையணைகள் மாதிரி காளான் படுக்கைகள். காய்ப்பு ஓய்ந்த ஒரு படுக்கையைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே வைக்கோல் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு வெள்ளை நூல். நாம் சாப்பிடுகிற குடை அந்த நூல்கூட்டம் விடுகிற காய்தான். செடி என்று பார்த்தால், வைக்கோலுக்குள் ஓடுகிற அந்த நூல்தான். பறித்து ஃப்ரிட்ஜில் வைத்த பிறகும், கொஞ்சம் ஈரமும் காற்றும் கிடைத்தால், காம்பு அறுத்த இடத்திலிருந்து அதே நூல் மறுபடி கிளம்பும். குடை கெட்டியாக, வாசனை ஒழுங்காக இருந்தால் பஞ்சைத் துடைத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று எந்த நிறத்தில் பூத்தாலும் தூர எறிய வேண்டியதுதான். பச்சைப் பூசணம் என்றால் வளர்ப்பவர்களுக்கே குலைநடுங்கும். ஒரு படுக்கையில் கண்டால் உடனே கொட்டகையை விட்டே வெளியேற்றிவிடுவார்களாம்.

பூசணத்துக்கே பூசணம் பிடிக்குமா என்று கேட்டேன். “ஏன், மனுசனுக்கு மனுசன் ஆவாம இருக்கறதில்லையா?” என்றார்.

மறுக்கா முளைக்கிறது என்று அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடுகிறது. பறித்த காளான் உயிரோடிருக்கிறது. வேகமாக மூச்சு விடுகிறது. மூச்சு விடுவதில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. முருங்கைக்காய்க்கு இருக்கிற தோல் அதற்குக் கிடையாது. பூசணிக்காயின் சாம்பல் பூச்சும் கிடையாது. உடம்பில் தொண்ணூறு சதம் தண்ணீர். இருநூறு கிராம் பாக்கெட்டில் சுமார் நூற்றெண்பது கிராம் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்த மேலே ஒரு மறைப்பும் இல்லை. திறந்து வைத்தால் சுருங்கிப்போகிறது. மூடிக் கட்டினால் தான் விட்ட மூச்சின் ஈரத்திலேயே வேர்த்து நனைகிறது. காளானைப் பத்திரப்படுத்துவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் பார்த்துக் கொடுப்பதுதான்.

உயிர் இருப்பதற்கு இன்னொரு சாட்சி பட்டன் காளான். திங்கட்கிழமை வாங்கும்போது குடை இறுக மூடி, காம்போடு ஒட்டியிருக்கும். வியாழக்கிழமை பார்த்தால் குடை விரிந்து, அடியில் பழுப்பு மடிப்புகள் தெரியும். நான் அதையும் கெட்டுப்போனது என்று பல தடவை எறிந்திருக்கிறேன். அது வயசு, அவ்வளவுதான். பெரிய ஓட்டல்களில் போர்ட்டபெல்லோ என்று தட்டு அகலத்துக்கு ஒரு காளானைச் சுட்டுத் தருகிறார்களே, அதுவும் நம் பட்டன் காளானின் அதே இனம்தான், முற்றவிட்டுப் பறித்தது. விரிந்த காளானில் வாசனை கூடத்தான் செய்யும். குழம்புக்கு எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக் காளான்? அது வேர்த்த காளான். தாளுக்கடியில் கோத்த தண்ணீர் திரும்பக் காளான் மேலேயே சொட்டி, அந்த ஈரத்தில் பாக்டீரியா குடும்பம் நடத்தியிருக்கிறது. வழவழப்பு என்பது அவர்களின் வீடு. பெரும்பாலும் சூடோமோனாஸ் வகை. விதை நேர்த்திக்கு நம் விவசாயிகள் பொடியாக வாங்குகிறார்களே, அதே சூடோமோனாஸ் குடும்பம். வயலில் காவல்காரன், காளான் பாக்கெட்டில் திருடன். ஃப்ரிட்ஜின் குளிர் இவர்களை மெதுவாக்கும், நிறுத்தாது. அதிலும் கதவுத் தட்டு என்பது ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் நம் ஊர் வெயில் அதன் மேல் அடிக்கிறது.

காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காளான் உள்ளேயிருக்கிற பிராணவாயுவைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். காற்றில்லாத இடத்தில்தான் போட்டுலினம் என்ற கிருமி நஞ்சு சுரக்கும். மண்ணில் வளர்கிற எதிலும் அதன் வித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் பாக்கெட் தாளில் ஊசித் துளை போடுகிற பழக்கம் வந்தது. டின்னில் அடைத்த காளானுக்கு அமெரிக்காவில் இந்தப் பயம் ரொம்ப இருந்தது. 1973 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் ஆசினிக் என்ற சிற்றூரில், இலாரியோ ஃபப்ரினி என்கிற பீட்சா வியாபாரி, டின் காளானில் போட்டுலினம் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் 29,188 பீட்சாக்களைக் குழி தோண்டிப் புதைத்தார். மாநில ஆளுநரே வந்து துக்கம் விசாரித்த சவ அடக்கம் அது. பரிசோதனையில் அந்தக் காளானைத் தின்ற இரண்டு எலிகள் செத்ததுதான் காரணம். பிற்பாடு பார்த்தால், எலிகள் செத்தது வேறு வியாதியில். ஃபப்ரினியின் நிலைமையை நினைத்தால் என் நானூறு கிராம் ஒன்றுமேயில்லை. டின் உப்பியிருந்தால் திறக்காமல் எறிகிற விதி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அக்கா தன் பாலித்தீன் பைகளில் கோணி ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டுத்தான் காளானை அடைக்கிறார். பறிக்கிற நாளில் காலையில் தண்ணீர் தெளிக்கமாட்டார். நனைந்த காளானைப் பறித்தால் சாயங்காலத்துக்குள் சொதசொதத்துவிடும் என்பார். துளை போட்ட பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னொரு கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தது நான்.

நிறத்தை நம்புவதை இப்போது விட்டுவிட்டேன். காளான் கறுப்பது வாழைப்பூ கறுக்கிற அதே கதை. உள்ளேயிருக்கிற நொதி காற்றில் பட்டால் பழுப்பாகும். அதற்காகத்தான் வாழைப்பூவை மோர்த்தண்ணீரில் போடுகிறோம். லேசாக அடிபட்ட இடம், விரல் அழுத்தின இடம் எல்லாம் பழுப்பாகும். அதனால் ருசியில் பெரிய சேதமில்லை. மாறாக, பளீர் வெள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு இப்போது சந்தேகம். பட்டன் காளானைப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் அலசி வெளுப்பாக்குவது நம் நாட்டில் இருக்கிற வழக்கம். அப்படி அலசியது கடையில் பார்க்க அழகாக இருக்கும். உள்வாங்கிய ஈரத்தால் சீக்கிரம் கெடும். காம்படியில் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டு, மங்கின வெள்ளையாக இருக்கிற காளானை இப்போது தேடி வாங்குகிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

கண்ணை விட்டால் விரலும் மூக்கும். நல்ல பட்டன் காளானைத் தேய்த்தால் விரல் நகராது. புது அழிரப்பரைத் தேய்த்த மாதிரி லேசாக இழுத்துப் பிடிக்கும். கெட்டது, வெண்டைக்காய் அரிந்த விரல் மாதிரி நழுவும். ஈரமா வழவழப்பா என்று குழப்பம் வந்தால் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமென்றால் துணியோடு போய்விடும். வழவழப்பு துடைத்த பிறகும் அங்கேயே இருக்கும், துணியிலும் பிசுபிசுக்கும். சிப்பிக் காளானில் குடையின் ஓரம் முதலில் கண்ணாடி மாதிரி ஆகி, மஞ்சள் தட்டி, கூழாகும். அடியிலிருக்கிற மடிப்புகளை நீவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூக்குக்கு ஒரு தந்திரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முகரக் கூடாது. குளிர்ந்த பொருளில் வாசனை அடங்கிக் கிடக்கும். பாக்கெட்டைத் திறந்த உடனே முகர்ந்தாலும் தப்பு. அடைபட்ட காற்றின் புழுக்க வாடையைக் காளானின் வாடை என்று நினைத்துவிடுவோம். தட்டில் பரப்பி ஐந்து நிமிஷம் விட்டுப் பிறகு முகரவேண்டும். நல்ல காளானில் மழை விட்ட தோட்டத்து மண் வாசம். கெட்டதில் மீன் கழுவின தண்ணீர், அல்லது புளித்த வாடை, இன்னும் முற்றினால் மூக்கைக் குத்துகிற மூத்திர நெடி.

கழுவி வேகவைத்தால் சரியாகிவிடாதா? அன்றைக்கு நான் நினைத்ததும் அதுதான். வேகவைத்தால் கிருமி சாகும். கிருமி ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு எல்லாம் சாகாது. 1989-ல் அமெரிக்காவில் டின் காளான் சாப்பிட்டுப் பலர் வாந்தியெடுத்தார்கள். டின்னைக் கொதிக்கவைத்துத்தான் அடைத்திருந்தார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு அந்தச் சூட்டையும் தாண்டி உள்ளே இருந்தது. உப்பு மஞ்சளுக்கெல்லாம் அது எந்த மூலைக்கு?

இப்போது எங்கள் வீட்டில் வாங்கி வந்ததும் பாக்கெட்டைப் பிரித்துவிடுகிறோம். கழுவுவதில்லை. வழுக்குகிற ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், மேலே பாரம் ஏறாமல். காய்கறி டிரேயில் ஈரம் அதிகம், அங்கே வைப்பதில்லை. செய்தித்தாள் வேண்டாம், மையோடு சாப்பாடு ஒட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-ல் சொல்லிவிட்டது. துணி, வேர்த்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு காற்றையும் விடும். துணி நனைந்திருந்தால் மாற்றவேண்டும், அவ்வளவுதான் வேலை. இப்படி வைத்தால் பட்டன் காளான் ஐந்தாறு நாள் தாங்குகிறது. சிப்பி, என்ன செய்தாலும் இரண்டு மூன்று நாள்தான். அதற்குமேல் வைத்துக் கொஞ்சம் வற்றிச் சுருங்கினால் பயப்படவேண்டாம். சுருங்கினது தண்ணீர் போனது. வழவழத்தது உயிர் போனது. சுருங்கின காளானை எண்ணெயில் போட்டால் தண்ணீர் விடாமல் உடனே சிவக்கும். எனக்கு அது இன்னும் ருசி.

எங்கள் ஊருக்கென்றே அமைந்தது பால் காளான். பட்டன் காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும். இது முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெயிலில் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது; ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை. கந்தக பூமியின் பெயரில் ஒரு காளான் ரகம்! கெட்டியான சதை; சீக்கிரம் கறுப்பதில்லை; துணியில் சுற்றினால் ஒரு வாரம் அசையாது. கரன்ட் அடிக்கடி போகிற கோடையில் இதை மட்டும்தான் வாங்குகிறேன்.

கழுவுவது பற்றி ஒரு சண்டை உலகம் முழுக்க நடக்கிறது: காளான் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும், தொடவே கூடாது என்று ஒரு கட்சி. ஹெரால்ட் மெக்கீ என்ற சமையல் எழுத்தாளர் காளானைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்; ஏறினது சில கிராம்தான். சமைப்பதற்குச் சற்றுமுன் தாராளமாக அலசலாம். அலசிவிட்டு எடுத்து வைக்கத்தான் கூடாது.

நிறையக் கிடைத்துவிட்டால்? பச்சையாக ஃப்ரீஸரில் போடாதீர்கள். உள்ளேயிருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகிச் செல்லைக் கிழித்துவிடும். எடுத்து உருகவிட்டால் பாத்திரம் தேய்க்கிற நனைந்த ஸ்பாஞ்சுதான் மிஞ்சும். நறுக்கி, உப்புப் போட்டு, விட்ட தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, ஆறவைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டால் நன்றாக இருக்கும். காளானை எவ்வளவு நேரம் வதக்கினாலும் குழையாது. அதன் சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டில் இருக்கிற அதே சரக்கு.

சிப்பிக்கு என் முதல் சிபாரிசு மொட்டைமாடிதான். நாராகக் கிழித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே கொசுவலை. மாசி, பங்குனி வெயிலில் இரண்டே நாளில் அப்பளம் மாதிரி முறியும். முறியாமல் வளைந்தால் இன்னும் ஒரு நாள் போடவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் பாட்டிலில் அடைத்தால் அங்கே நிஜமான பூசணம் வரும். பத்து கிலோ காய்ந்து ஒரு கிலோ ஆகும். வெயிலில் காயும்போது அதில் வைட்டமின் டி-யும் ஊறுகிறது. நம் தோலில் நடக்கிற அதே வேலை. காய்ந்ததைப் பொடித்து ரசத்தில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். நான் சொல்லாமல் போட்டேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

ரோட்டுக்கடைக் காளானைப் பற்றி எழுதாமல் விட்டால் கோயம்புத்தூர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் சட்டுவத்தால் கொத்திக் கொத்தித் தருகிற அந்தச் சிவப்புக் களியில் முட்டைக்கோஸும் மைதாவும்தான் முக்கால்வாசி. கெட்டுப்போவதற்கு அதில் காளான் இருந்தால்தானே! எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இடி இடித்த மறுநாள் புற்றுமண்ணில் முளைக்கிற காளான் கதை தனி. அதற்குக் கெட்ட வாடை வருகிறதா என்று பார்ப்பதில் பிரயோசனமில்லை. கொல்லுகிற காளான் புத்தம் புதிதாக, நல்ல வாசனையோடேயே இருக்கும். வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும், பூண்டு நீலமாகும் என்பதெல்லாம் கட்டுக்கதை. மூன்று தலைமுறையாகப் பொறுக்கிப் பழகினவர் பக்கத்தில் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

நேற்று அக்காவிடம் போன் வந்தது. ரெண்டு நாளா மேகம் மூட்டமாகவே கெடக்குது, படுக்கையெல்லாம் ஒண்ணா வெடிச்சுருக்குது, வந்து எடுத்துக்கோ என்றார். சரி என்று வைக்கப் போனேன்.

“அம்மிணி, அந்த வேட்டித் துணியக் கையோட எடுத்துட்டு வா. எம்பைய உன்ற கையில குடுக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது.”